வாசகர் கேள்வி-பதில்: மேசையில் ஓடியது படகில் நின்றது ஏன்?

தொண்டி முதல் சாயல்குடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் முழுவதும். சொந்தமாக ஒரு கருவியையோ பொருளையோ உருவாக்கி, அதை விற்பனைக்குக் கொண்டுவரத் தடுமாறுகிறவர்களின் கேள்விகள் இவை.

நாங்கள் இருவர், பொறியியல் முடித்தவர்கள். விசைப்படகு கடல் எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்பி, கரைக்கும் தகவல் அனுப்பும் கருவி செய்திருக்கிறோம். ஜிபிஎஸ், தொலைவுக்குத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ இரண்டும் உண்டு. வீட்டில் 3 மாதம் பிசகில்லாமல் ஓடியது. படகில் கட்டிய 19-ஆம் நாள் நின்றுவிட்டது. திறந்தால் பெட்டிக்குள் தண்ணீர். ஐபி67 பெட்டிதான் வாங்கினோம். கரைக்கு வரும் தகவலும் பாதிக்குப் பாதி வருவதில்லை. எங்கே தவறு? (தொண்டி வாசகர்)

பெட்டிக் கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புது ரப்பரோடு, ஒரே ஒரு முறை நடப்பது. படகில் நடப்பது வேறு. வீல்ஹவுஸ் கூரைமேல் வெயிலில் கிடக்கும் கறுப்புப் பெட்டிக்குள் காற்று 60 டிகிரிவரை சூடேறும். அந்த நேரம் பார்த்து ஓர் அலை அடித்து 28 டிகிரித் தண்ணீர் மேலே விழுந்தால், உள்ளே காற்று சட்டென்று சுருங்கி அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இறங்கும். கணக்குப் போட்டால் அது 1 மீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். ஆய்வகத்தில் ஒரு தடவை எழுதிய பரீட்சையை உங்கள் பெட்டி கடலில் ஒரு நாளைக்குப் பல தடவை எழுதுகிறது, அதுவும் உப்புப் பிடித்து வெயிலில் விறைத்துப்போன ரப்பரோடு. தண்ணீர் கசிந்து வரவில்லை. பெட்டியே உறிஞ்சிக் குடித்திருக்கிறது.

ரப்பரை இன்னும் இறுக்குவதால் பயனில்லை. காற்று போய்வர, தண்ணீர் வராத சவ்வு வால்வு ஒன்றைப் பெட்டியின் அடிப்பக்கம் வையுங்கள். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிடும். சர்க்யூட் பலகையை பாலியூரித்தேன் பிசின் ஊற்றி மூடிவிடுங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவின் மேல்முகத்தை மட்டும் மூடாமல் விட வேண்டும். மூடினால் சிக்னல் தளரும். கேபிள் நுழைவாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்கட்டும். நுழையும் முன் கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். திருகுகள் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் மாற்றுங்கள். கடல் உப்பில் 304 புள்ளி புள்ளியாகக் குழிவிழும், 316 தாங்கும். அலுமினியப் பெட்டியில் ஸ்டீல் திருகு போடுவதாக இருந்தால் இடையில் நைலான் வாஷர் கட்டாயம். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்கச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிமானத்தில் நாட்டின் முதன்மையான ஆய்வகங்களில் ஒன்று. அதன் கடலோர அரிமானச் சோதனைக் களம் மண்டபத்திலேயே இருக்கிறது. ஆய்வகத்தில் உப்புத்தெளிப்புச் சோதனை என்பது 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் பனிமூட்டம்போல் தெளிப்பது. இது விரைவில் முடியும். எது முதலில் துருப்பிடிக்கும் என்று காட்டும். ஆனால் வெயிலையும் அலையையும் அது காட்டாது. திறந்தவெளியில் ஆறு மாதம் தொங்கவிட்ட மாதிரித் துண்டுதான் உண்மை பேசும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில்தான் உங்கள் பெட்டியும் இருக்கிறது.

தகவல் பாதி வராததற்குக் காரணம் சிப் அல்ல, பூமி உருண்டையாக இருப்பது. கடல்மேல் ரேடியோ எட்டும் தொலைவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இரண்டு ஆன்டெனாக்களின் உயரங்களுக்கும் (மீட்டரில்) தனித்தனியே வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். கரையில் 9 மீட்டர் மாடியும் படகில் 4 மீட்டர் கம்பமும் என்றால் 4.12 × (3 + 2) = 20.6 கி.மீ. அதற்கு மேல் போன படகிலிருந்து தகவல் வராது; வந்தால் அதிர்ஷ்டம். கரை ஆன்டெனாவை 30 மீட்டர் கோபுரத்தில் ஏற்றினால் 31 கி.மீ. கிடைக்கும். சிப்பின் திறனைக் கூட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தைக் கம்பத்துக்குச் செலவழியுங்கள். அதோடு, வராத தகவலைக் கருவி சேமித்துவைத்து, எட்டும் தூரத்துக்கு வந்ததும் அனுப்பும்படி நிரல் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஒலி எப்போது எழ வேண்டும்? கோட்டைத் தொட்டதும் எழுந்தால் அது பயனற்ற கருவி. இழுவலை போட்ட படகு 3 நாட் வேகத்தில், மணிக்கு ஐந்தரை கி.மீ. போகிறது. வலையை ஏற்றித் திரும்ப அரை மணி நேரம் வேண்டும். ஆகவே முதல் ஒலி 3 கி.மீ. முன்னால் எழ வேண்டும். எல்லைப் புள்ளிகள் 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் வரையறுக்கப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவுமுறை அதற்குப் பின்னால் வந்தது; இரண்டும் சற்று விலகலாம். இணையத்தில் கிடைத்த புள்ளிகளை அப்படியே ஏற்றாமல், டேராடூனிலுள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடத்திலிருந்து எடுங்கள். இங்கே வரும் பிழையின் விலையைக் கட்டுவது உங்கள் நிறுவனமல்ல, படகில் இருப்பவர்.

உரிமம் பற்றி: 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ்வரை இந்தியாவில் உரிமம் தேவைப்படாத அலைவரிசை. ஆனால் கருவிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ என்ற கருவி ஒப்புதல் வேண்டும். அத்துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே சான்றளித்த மாட்யூலாக வாங்கினால் வேலை பாதி குறையும். லித்தியம் செல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு உள்ளதாகவே இருக்கட்டும்.

கருவி இருக்கிறது, நிறுவனம் இல்லை. எந்த உதவியை முதலில் கேட்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (அதே வாசகர்கள்)

வரிசையை மாற்றிப் போட்டால் பிறகு வரும் கதவு மூடிக்கொள்ளும். அதனால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வது ஆபத்தாக முடிகிறது.

முன்மாதிரி நிலையில் இருக்கிற உங்களுக்கு முதலில் பொருந்துவது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டம். 10 லட்சம் வரை மானியம்; தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். கையில் தொட்டுப் பார்க்கும் பொருளாக இருக்க வேண்டும், வெறும் செயலிக்குக் கிடையாது. பணம் நேராக வராது. பிரயாஸ் மையமாக அங்கீகரிக்கப்பட்ட இன்குபேட்டர் (புதுத்தொழில் வளர்ப்பு மையம்) வழியாகத்தான் வரும். மாநிலத்தில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இன்னோவேஷன் வவுச்சர் தருகிறது: ஏ வகை 2 லட்சம் வரை, பி வகை 5 லட்சம் வரை. வேலை முடிய முடியத் தவணையாக விடுவார்கள். ஆகவே விண்ணப்பத்தில் "கருவியை மேம்படுத்துதல்" என்று எழுதாதீர்கள். "உப்புத்தெளிப்புச் சோதனை முடித்த 10 கருவிகள், 10 படகில், 90 நாள்" என்று எழுதுங்கள். முடிந்ததா என்று எண்ணிப் பார்க்கக்கூடியதற்குத்தான் அடுத்த தவணை சிக்கலில்லாமல் வரும்.

அதற்கடுத்துத்தான் நிறுவனம். தனிநபர் உரிமையாளர் நிறுவனத்துக்கு மத்திய தொழில் மேம்பாட்டுத் துறையின் (டிபிஐஐடி) ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மை), பதிவுசெய்த கூட்டாண்மை போன்றவற்றுக்குத்தான். அங்கீகாரத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் விதைநிதி 10 லட்சம். பெண்கள் நடத்துவது, கிராமப்புறத் தாக்கம் உள்ளது, பசுமைத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். பங்கு கொடுக்க வேண்டியிருப்பதால் பிரைவேட் லிமிடெட்டே வம்பில்லாதது.

கதவு மூடும் இடம் இதுதான்: 2021-ல் வந்த மத்திய விதைநிதித் திட்டத்தின் விதிப்படி, நிறுவனம் பதிவாகி 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருக்கவும் கூடாது. விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு, கருவி முடியும் முன்பே நிறுவனம் பதிவுசெய்கிறவர்கள் அந்த 2 ஆண்டைப் பெட்டிக்குள் தண்ணீர் வராமல் பார்ப்பதிலேயே தொலைக்கிறார்கள்.

இருவர் என்கிறீர்கள். 50-50 என்று பங்கைப் பிரித்து அன்றைக்கே கையில் கொடுத்துவிடாதீர்கள். 4 ஆண்டில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நண்பருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டால் பாதி நிறுவனம் அவரோடு விமானம் ஏறிவிடும்.

மண்டபம் பக்கம் மகளிர் குழு. தெப்பத்தில் வளர்க்கும் பாசியைப் பிழிந்து, சாறு வடித்து, பயிருக்குத் தெளிக்கப் பாட்டிலில் விற்றோம். நல்ல விற்பனை. இப்போது வேளாண் அதிகாரி விற்கக் கூடாது என்கிறார். பாட்டிலும் ஒரு மாதத்தில் உப்பிவிடுகிறது. இயற்கைப் பொருளுக்கும் உரிமம் வேண்டுமா ஐயா?

வேண்டும், சகோதரி. அதிகாரி சொல்வது சரிதான்.

கடல்பாசிச் சாறு சட்டப்படி, பயிர் வளர்ச்சியைத் தூண்டும் "உயிரூக்கி" வகையில் வருகிறது. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் இதைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று இருந்தது. தற்காலிக அனுமதியோடு விற்றவர்களின் கெடுவும் 2025 ஜூனில் முடிந்துவிட்டது. இப்போது ஆணையின் ஆறாம் அட்டவணையில் ஏறிய பொருளைத்தான், அதில் சொன்ன அளவுகோலின்படி செய்து விற்க முடியும். லேபிளில் "உரம்" என்பதை எடுத்துவிட்டு "இயற்கை டானிக்" என்று போட்டாலும் சட்டம் மாறாது. புதிதாக ஒன்றை அட்டவணையில் ஏற்றப் பயிர்ச் சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை (எலி, மீன், தேனீ, மண்புழு வரை), கன உலோக அளவு, பூச்சிமருந்து எச்சம் 0.01 பிபிஎம்-க்கு மேல் இல்லை என்ற அறிக்கை எல்லாம் வேண்டும். ஒரு குழு தன் சேமிப்பை வைத்துச் செய்யக்கூடிய செலவல்ல இது.

ஆகவே பாட்டில் விற்பனையை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பதிவுபெற்ற உற்பத்தியாளருக்குச் சாற்றை மொத்தமாகக் கொடுங்கள். காய்ந்த பாசியாக விற்பதைவிட இதில் கூலி நிற்கும். பச்சைப் பாசி பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். மீதி ஆவியாகப் போகிறது. நீங்கள் விற்க வேண்டியது அந்த ஆவியைத்தான். பச்சைப் பாசியை அரைத்துச் சாற்றைத் தனியே, சக்கையைக் காரஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருள் எடுக்கத் தனியே பிரிக்கும் முறையை உருவாக்கியது மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம். அதன் கடல்பாசி ஆய்வு நிலையம் உங்கள் மண்டபத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை 2005-ல் கிடைத்தது. முறைப்படி அவர்களிடம் பயிற்சி கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் பாசி வளர்ப்பில் பயிற்சி தருகிறது.

பாட்டில் உப்புவது புளிப்பதால். பாசி கரைக்கு வந்த அன்றே அரைக்க வேண்டும். ராத்திரி முழுக்கச் சாக்கில் கிடந்த பாசியில் நுண்ணுயிர் பெருகியிருக்கும். அரைத்ததை முதலில் வேட்டித் துணியிலும் பிறகு நைலான் வலையிலும் இரண்டு தடவை வடிகட்டுங்கள். துணுக்கு மிதந்தால் அதுவே புளிப்புக்குத் தீனி. பென்சோயேட் போன்ற பதப்பொருள் சேர்ப்பவர்கள் சாற்றின் பிஎச் (அமில அளவு) நாலரைக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பென்சோயேட் வேலை செய்யாது, கொட்டியது வீண். "போட்டும் கெட்டுப்போச்சே" என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான்.

வாங்குகிற நிறுவனம் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் தொகுதிக்குத் தொகுதி மாறுவதால். மழை பெய்து கடலில் உப்புக் குறைந்த வாரத்துச் சாறும் கச்சான் காற்று வாரத்துச் சாறும் ஒன்றல்ல. ஒவ்வொரு தொகுதிக்கும் அறுத்த தேதி, தெப்பம் கிடந்த இடம், எத்தனை நாள் பயிர் (45 நாள் என்பது வழக்கம்), மின்கடத்தும் திறன், பிஎச் ஆகியவற்றை நோட்டில் எழுதி, அரை லிட்டர் மாதிரி இரண்டு எடுத்து வையுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு. தகராறு வந்தால் அந்தப் பாட்டில்தான் சாட்சி. 150 ரூபாய்க்கு வாங்கிய அளவுமானியை மாதம் ஒரு முறை அளவு முன்பே தெரிந்த திட்டக் கரைசலில் சரிபார்க்காவிட்டால் நோட்டில் எழுதியதெல்லாம் கதை.

இடம் பற்றியும் ஒரு சொல். தெப்பத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் அது படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதற்கும் முன்பாக, 2005-ல், மாநில அரசு இதன் வளர்ப்பைப் பாக் நீரிணைப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் என்று வரையறுத்தது. உங்கள் தெப்பம் எந்தக் கடலில் கிடக்கிறது என்பதை வாங்குகிறவர் கேட்பார். மீன்வளத் துறையின் எழுத்து கையில் இருக்கட்டும். மரிக்கொழுந்துப் பாசிபோல் தானாக விளைவதைப் பறித்துத் தொழில் நடத்தினால், மாநில பல்லுயிர் வாரியத்துக்கு முன்தகவல் தர வேண்டும்.

தொண்டிக்குப் பக்கத்தில் வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்; திட்டம் 127 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் கிடைக்கப்போகும் வசதியை நம்பி இப்போதே கடன் வாங்காதீர்கள். நோட்டும் மாதிரிப் பாட்டிலும் சரியாக இருக்கிற குழுவுக்கு எந்தப் பூங்காவிலும் இடம் கிடைக்கும்.

வலை பின்னும் கருவி ஒன்றைக் கல்லூரிக் கண்காட்சியில் வைத்து, யூடியூபிலும் ஏற்றிவிட்டேன். இப்போது காப்புரிமை வாங்க முடியுமா? (கீழக்கரை மாணவர்)

வீடியோவில் எதைக் காட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓர் இயந்திரத்தை வெளியிலிருந்து ஓடவிட்டுக் காட்டி, உள்ளே முடிச்சு எப்படி விழுகிறது என்பது தெரியாமல் இருந்தால், அந்தப் பகுதிக்கு இன்னும் வழி இருக்கிறது. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக விளக்கியிருந்தால் புதுமை போய்விட்டது. 12 மாத அவகாசம் என்று சொல்வார்கள். அது அரசிதழில் அறிவித்த கண்காட்சி போன்ற சில விதிவிலக்குகளுக்கு மட்டும். கல்லூரி விழா அதில் வராது. வீடியோவை இப்போது நீக்குவதாலும் பழைய நிலை திரும்பாது.

ஆகவே வெளிப்படாத பகுதியையும், கண்காட்சிக்குப் பின் செய்த மாற்றத்தையும் மட்டும் எடுத்து, தற்காலிக விவரக்குறிப்பாக உடனே போடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய் (மற்றவர்களுக்கு 8,000). அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போட வேண்டும்; ஒரு நாள் தாண்டினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பரிசீலனைக்கான படிவம் 18-க்கு 4,000. இதைப் போட மறந்து, "விண்ணப்பித்து மூன்று வருஷம் ஆச்சு, ஒன்றும் வரவில்லை" என்று காத்திருப்பவர்கள் உண்டு. கேட்காமல் பரிசீலிக்க மாட்டார்கள். முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, 31 மாதம்தான் கெடு.

போடும் முன் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையைப் படியுங்கள். கல்லூரி ஆய்வகத்தில், கல்லூரிப் பணத்தில் செய்தது என்றால் உரிமை யாருக்கு என்று அதில் இருக்கும். பேராசிரியர் பெயரைக் கண்டுபிடிப்பாளராகச் சேர்ப்பது மரியாதைக்காக இருக்கக் கூடாது. கண்டுபிடிப்பில் கை இருந்தால் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்கக் கூடாது. பிற்காலத்தில் முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் தோண்டுவது இதைத்தான்.

"100 கிலோ மீனை ஒரே நாளில் உலர்த்தும்" என்று சொல்லி 4 சதுர மீட்டர் சூரிய உலர்த்தி செய்து விற்கிறோம். வாங்கியவர்கள் குறை சொல்கிறார்கள்: மேலே காய்ந்து உள்ளே நாறுகிறதாம். அரசுத் துறைக்கும் விற்க ஆசை. (ஏர்வாடி வாசகர்)

முதலில் விளம்பரத்தை மாற்றுங்கள். 100 கிலோ நெத்திலியில் தண்ணீர் மட்டும் 75 கிலோ இருக்கும் என்று வையுங்கள். 15 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் கருவாடு 29 கிலோ சொச்சம். ஆவியாக வேண்டிய தண்ணீர் 70 கிலோவுக்கும் மேல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். மொத்தம் 47 யூனிட். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழுவது 5 யூனிட். உங்கள் உலர்த்தி அதில் 30 சதவீதம் பிடித்தால் ஒன்றரை. 4 சதுர மீட்டருக்கு 6 யூனிட். அதற்கு 12, 13 கிலோ பச்சை மீன்தான் காயும். 100 கிலோவுக்கு 31 சதுர மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கைத் துறை அதிகாரி போட்டுப் பார்க்கும் முன் நீங்கள் போட்டுவிடுவது நல்லது.

உள்ளே நாறுவதற்குக் காரணம் தொடக்கத்தில் அதிகச் சூடு. 50 டிகிரிக்கு மேல் போனால் மேல்தோல் இறுகி ஓடு கட்டிவிடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. முதல் இரண்டு மூன்று மணி நேரம் 40 டிகிரி சுமாரில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பிறகு 50 வரை போகலாம். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: காலையிலேயே சூடேறட்டும் என்று காற்றுவாயை அடைத்துவிடுகிறார்கள். அந்தி சாய்ந்ததும் காற்றுவாயை மூடச் சொல்லி வாங்குகிறவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வாடைக் காலத்தில் இரவுக் காற்றில் இருக்கும் ஈரத்தைக் கருவாடு திரும்பக் குடித்துவிடும். தட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையாக இருந்தால் உப்பில் துத்தநாகம் கரையும். உணவுத்தர நைலான் வலைக்கு மாறுங்கள்.

விற்பனைக்கு ஓர் யோசனை. கருவாடு காயவைக்கும் பெண்கள் மொத்தப் பணம் கட்டி இயந்திரம் வாங்க மாட்டார்கள், வாங்கவும் முடியாது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று உலர்த்திக் கொடுக்கும் கூலிமுறையில் ஒரு கரையில் மூன்று மாதம் நடத்துங்கள். உங்கள் இயந்திரம் எங்கே உடைகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். அரசுத் துறைக்கு, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளம் வழியாகப் போகலாம். டிபிஐஐடி அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கு டெண்டருக்கான முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளிலும் தளர்வு உண்டு. தரத்தில் தளர்வு கிடையாது.

இன்குபேட்டரில் இடம் தருகிறார்கள். 5 சதவீதப் பங்கும் மாத வாடகையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (ராமநாதபுரம் வாசகி)

இரண்டில் ஒன்று கொடுக்கலாம். இரண்டும் கேட்டால், பதிலுக்கு என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். மேசையும் வைஃபையும் மட்டும் என்றால் வீட்டு மாடி போதும். அவர்கள் ஆய்வகத்தில் உள்ள கருவிகளை மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தருவார்கள், பழுதானால் யார் பொறுப்பு, அங்கே உருவாகும் காப்புரிமை யாருடையது, நடுவில் வெளியேறினால் பங்கு திரும்புமா: இந்த நான்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே அங்கே இருந்து வெளியேறிய இரண்டு பேரிடம் பேசாமல் கையெழுத்து வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள்.

வேளாண் பொருள் என்றால் மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் இயங்கும் மாபிஃப் மையத்தையும் பாருங்கள். நபார்டு ஆதரவில் நடப்பது. ஸ்டார்ட்அப் டிஎன்-இன் வட்டார மையமும் மதுரையில் உண்டு.

முண்டு மிளகாய்ப் பொடிக்கு இணையதளம் தொடங்குகிறேன். "ராமநாதபுரம் முண்டு" என்று போடலாமா?

2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. முத்திரையோடு அந்தப் பெயரைப் பயன்படுத்த, கிண்டியில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவுசெய்யுங்கள். வேறு மாவட்ட மிளகாயைக் கலந்தால் பதிவும் காப்பாற்றாது. உங்கள் சொந்த பிராண்டு பெயரைத் தனியே வணிகக் குறியாகப் போட 4,500 ரூபாய்.

கடல் அட்டையிலிருந்து மருந்துப் பொருள் எடுக்க எங்களிடம் நல்ல முறை இருக்கிறது. எந்த நிதி கிடைக்கும்?

கிடைக்காது. 2001 முதல் கடல் அட்டை காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. பிடிப்பதும் வைத்திருப்பதுமே குற்றம். கரையில் செத்து ஒதுங்கியது என்பதும் சமாதானமாகாது. அந்த முறையைக் கடல்பாசியில் ஓட்டிப் பாருங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பாசியிலிருந்து எடுத்த, "கடல்மின்" என்ற பெயரில் வரும் மாத்திரைகளைத் தனியாருக்கு உரிமம் கொடுத்து விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. முறை உண்மையிலேயே புதிது என்றால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் நிறுவனம் நடத்தும் பிக் திட்டத்தில் 18 மாதத்துக்கு 50 லட்சம்வரை கேட்கலாம்.

சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். சரியான கட்டணமா? (சாயல்குடி வாசகர்)

கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் கைபேசியிலேயே பதிவுசெய்துவிடலாம். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரத் தளம். முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஆதாரை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். பேருந்துக் கட்டணத்தோடு முடியும்.